கல்லாவை விட்டு எழுந்த பிறகு

ஓய்வு என்ற சொல் வியாபாரிகளாகிய நம்மிடையே அதிகம் புழங்குவதில்லை. உத்தியோகஸ்தருக்கு ஒரு தேதி உண்டு. அன்று மாலை போடுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். மறுநாள் அவர் வீட்டில் இருப்பார். நமக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முழங்கால் வலிக்கத் தொடங்கும்; கண்ணில் புரை விழும்; மகன், "வாப்பா, மத்தியானத்துக்கு மேல நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பான். கொஞ்ச நாளில், "காலையிலயும் நீங்க வந்து சிரமப்படணுமா?" என்பான். என்றைக்கு முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாமலே ஒரு மனிதருடைய நாற்பது வருஷக் கடை முடிந்துவிடுகிறது.

அதன் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று நாம் விசாரிப்பதில்லை. "பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அவருக்கு என்ன குறை?" என்று சொல்லிவிடுகிறோம். குறை இருக்கிறது. அது என்ன குறை, அதற்குப் பரிகாரம் உண்டா என்பதையே இங்கே சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போல் நாற்பதுகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது வேண்டிய பாடம். நம்மில் பலருக்கு வீட்டில் வாப்பா இருக்கிறார். நம்முடைய முறையும் வந்துகொண்டிருக்கிறது.

இத்தனை வயதானால் வேலையை நிறுத்தலாம், நிறுத்தினாலும் பணம் வரும் என்ற ஏற்பாடு உலகத்துக்குப் புதியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889இல், தொழிலாளருக்கு முதுமைக் காலப் பணம் கொடுக்கச் சட்டம் வந்தது. அப்போது வைத்த வயது 70. 1916இல்தான் அதை 65 ஆகக் குறைத்தார்கள். மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951இலும், சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955இலும் ஏற்பட்டன. மலேசியாவில் 2013 ஜூலை முதல் தனியார் ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் 63 என்றும், 2026 ஜூலை முதல் 64 என்றும் விதித்திருக்கிறார்கள். இவையெல்லாம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. கடைக்காரரை எந்தச் சட்டமும் "எழுந்திரு" என்று சொல்வதில்லை. அதனால் எழுந்திருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளாமலே நாம் எழுந்திருக்க வேண்டியதாகிறது.

நம் பாட்டனார் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அவர்களுக்கு ஓய்வு என்றால் ஊர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்த அநேகர் இரண்டு மூன்று வருஷம் இங்கே இருப்பர். கணக்கு முடித்துக்கொண்டு கப்பல் ஏறுவர். சில மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்புவர். அப்படிப் போய்வந்தவர்களை ஏற்றி இறக்கிய ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. வயதான பிறகு ஒரு தடவை ஏறினால் அதுவே கடைசி. சபுர் முடிந்தது. ஊரில் மனைவி மக்கள் இருந்தார்கள், திண்ணை இருந்தது, பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தது. கடல் கடந்து சம்பாதித்தவர் என்பதால் நிலம் வாங்குகிறவனும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவனும் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

1953இல் குடிநுழைவுச் சட்டம் வந்தபின் போக்குவரத்து இறுகியது; குடும்பங்கள் மெல்ல மெல்ல இங்கேயே வேர்விட்டன. இன்று வயதான காலத்தில் ஊரில் போய் இருக்கலாம் என்று போகிறவர் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஊரில் அவர் முகம் தெரிந்தவர்களில் பாதிப்பேர் மையவாடியில் இருக்கிறார்கள். ஆகவே நம்முடைய ஓய்வுக் காலம் இங்கேதான், பன்னிரண்டாம் மாடி வீட்டில்தான் என்பதை ஒப்புக்கொண்டு மேலே யோசிப்போம்.

கடையை விட்டவர் எதை இழக்கிறார்? பணத்தை என்று சொல்ல முடியாது. பலருக்குத் தேவையான அளவு இருக்கிறது. உழைப்பை என்றும் சொல்ல முடியாது. அரிசி மூட்டை நகர்த்துவதை யாரும் ஏங்கி நினைப்பதில்லை. என் எண்ணத்தில், அவர் இழப்பது கேள்விகளை.

காலையில் கடையைத் திறந்ததும் கேள்வி தொடங்கிவிடுகிறது. ரொட்டி வந்துவிட்டதா? வெங்காயம் என்ன விலை? இந்தச் சீரகம் பழசா புதுசா? பிரியாணிக்கு இந்த அரிசி குழையாதே? அடுத்த தெரு மலாய்க்கார அம்மாள் எந்த மசாலாவில் கறி சமைப்பது என்று கேட்பார். சீனப் பெரியவர் ஒருவர் எந்தப் பஸ் எங்கே போகும் என்று கேட்பார். கடன் கேட்பவர், சில்லறை கேட்பவர், வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்பவர், ஒன்றும் வாங்காமல் சும்மா நின்று "என்ன மாமா, ரெண்டு நாளாக் காணோம்?" என்று கேட்பவர். ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாமல் யாரோ ஒருவர் நம் வாயைப் பார்த்துப் பதிலுக்குக் காத்து நிற்கிறார். சலித்துக்கொண்டே பதில் சொல்கிறோம். ஆனால் அந்தப் பதில்களில்தான் நாம் இருக்கிறோம்.

கடையை விட்ட பிறகு அவரிடம் இரண்டு கேள்விகள்தான் மிஞ்சுகின்றன: சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா?

இரண்டும் அன்பான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்குப் பதில் சொல்ல நாற்பது வருஷ அனுபவம் வேண்டியதில்லை.

1976இல் ராபர்ட் அட்ச்லி என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஓய்வு பெற்றோரின் மனநிலையைப் படிகளாகப் பிரித்து எழுதினார். வேலையை விட்டதும் கொஞ்ச காலம் புதுமாப்பிள்ளையைப் போல் சந்தோஷம் இருக்கும். பிறகு சலிப்பும் ஏமாற்றமும் வரும். அதன்பின் மனிதர் தன் நாட்களைப் புதிதாக அடுக்கிப் பார்ப்பார். அது கைகூடினால் ஒரு நிலைக்கு வருவார். எல்லோரும் எல்லாப் படியையும் கடப்பர் என்று அவர் சொல்லவில்லை. நம்மவரிடமும் இதைக் காணலாம். முதல் ஆறு மாதம் உம்ரா போய்வருவார். ஊரில் இரண்டு கல்யாணம், ஒரு வீடு குடிபுகுதல். மகள் வீட்டில் பத்து நாள். திரும்பி வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டுப் படியிறங்கியதும், கால் பழக்கத்தில் கடைப் பக்கம் திரும்பும். அங்கே போகவும் முடியாமல், வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் நிற்பார். அந்தக் காலைப் பொழுதுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர் தேறிவிடுகிறார். ஏற்பாடு இல்லாதவர் பெரும்பாலும் கடைக்கே போய்விடுகிறார்.

அப்படிப் போவதால் வரும் தொல்லை நாம் எல்லோரும் அறிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் பெரியவர் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். மூலையில் ஒரு நாற்காலியை மட்டும் விட்டுவைத்தார். மகன் ஒரு விலை சொன்னால், "அவங்க நம்ம பழைய வாடிக்கை, குறைச்சுப் போடு" என்பார். மகன் கடன் இல்லை என்றால் இவர் உண்டு என்பார். சரக்குக்காரன் வந்தால் யாரிடம் பேசுவது என்று இரண்டு முகத்தையும் பார்ப்பான். கடைசியில் மகன் முகம் கொடுக்காமல் வேலை பார்த்தான். பெரியவர் நாற்காலியில் கேட்பாரற்று உட்கார்ந்திருந்தார். வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கொடுமையான தனிமை அது.

இதற்கு நம் முன்னோர் வழக்கத்திலேயே மருந்து இருக்கிறது. ஊருக்குப் போகிற பங்காளி என்ன செய்தார்? இருப்பு எடுத்தார், பேரேட்டைப் பார்த்துப் பற்று வரவை நேர் செய்தார், வரவேண்டிய கடன் எது, வராத கடன் எது என்று இருப்பவரிடம் சொன்னார், சரக்கு வாங்கும் இடங்களுக்கு நேரில் அழைத்துப் போய், "இனி இவரிடம் பேசுங்கள்" என்று ஒப்படைத்தார். கப்பல் ஏறிய பிறகு வெங்காயத்தின் விலையைப் பற்றி அவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கல்லாவில் இருப்பவர் சொன்னதே சொல். ஓய்வு பெறுகிறவரும் அப்படிக் கப்பல் ஏற வேண்டும். ஒரு தேதி குறியுங்கள். அன்று குடும்பத்தாரையும் பழைய வாடிக்கைக்காரர் நாலு பேரையும் கூப்பிட்டுக் கடையிலேயே பசியாற வையுங்கள். உத்தியோகஸ்தருக்குப் போடும் மாலை நமக்கும் போடட்டுமே, என்ன தவறு?

பண விஷயத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் மனவருத்தத்தில் பாதி அதில் இருக்கிறது. கடையைக் கொடுத்துவிட்ட தகப்பனார், பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்க மகனிடம் பத்து வெள்ளி கேட்டு நிற்கும்படி ஆகக் கூடாது. மகன் சந்தோஷமாகவே கொடுப்பான். ஆனாலும் நீட்டிய கை நீட்டிய கைதான். முதலாரபா என்று நம் மார்க்கச் சட்டத்தில் ஒரு கூட்டு முறை உண்டு. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், லாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வர். கடையில் கிடக்கும் முதல் வாப்பாவுடையது என்றால் இப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம். கட்டடம் அவருடையது என்றால் வாடகை பேசிக்கொள்ளலாம். மாதம் பிறந்ததும் வருவது தர்மமாக வராமல் ஹக்காக வர வேண்டும். கடையைப் பிள்ளைகளில் ஒருவருக்கே கொடுக்க நினைப்பவர், உயிரோடிருக்கும்போதே மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி, விஷயம் அறிந்த வழக்கறிஞரைக் கொண்டு முடிக்கட்டும். வசிய்யத் எழுதிவிட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். அது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். இது தீராத வரையில் பெரியவருக்கும் தூக்கம் வராது, பிள்ளைகளுக்குள்ளும் பேச்சு நேராக இராது.

இனி வீடு. கடையில் ஆட்சி செய்தவர் வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் இருப்பு எடுக்கத் தொடங்குவார். மல்லித்தூள் ஏன் இரண்டு பொட்டலம்? குளிர்ப்பெட்டியில் இந்தக் கத்தரிக்காய் எத்தனை நாளாகக் கிடக்கிறது? நாற்பது வருஷம் தனியாக அந்த இடத்தை நடத்திய அம்மாளுக்கு இது எப்படி இருக்கும்? ஜப்பானில் வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் கணவர்களை "நனைந்த சருகு" என்று கேலியாகச் சொல்வார்கள். நனைந்த சருகு விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டு போகாதாம். அங்கே சில பெண்கள் இதனாலேயே வயிற்றுவலி, தலைவலி என்று மருத்துவரிடம் வந்தார்கள் என்று 1990களில் ஒரு டாக்டர் எழுதவும் செய்தார். நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வீட்டில் தமக்கென்று ஒரு வேலையை அம்மாளிடமே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சந்தைக்குப் போவதோ, செடிக்குத் தண்ணீரோ, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதோ எதுவானாலும் சரி. அதற்கு மேல் தினமும் சில மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க ஓர் இடமும் வேண்டும்.

எந்த இடம்? தம்மை யாராவது எதையாவது கேட்கிற இடம். டீக்கடை மேஜை மட்டும் போதாது. அங்கே எல்லோரும் பேசுவார்கள், யாரும் கேட்பதில்லை. (சங்கத்துப் பதவியும் போதாது என்பேன். சிலருக்கு அது இன்னொரு கல்லாவாகிவிடுகிறது; அதிலிருந்து எழுப்புவதற்கு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும்.)

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு காரியம் செய்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் உதவி செய்ய அனுப்பினார்கள். வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, நூலகத்தில் உதவுவது போன்ற சாதாரண வேலைதான். பிள்ளைகளுக்கு நன்மை என்பது எதிர்பார்த்ததே. பெரியவர்களையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் அதிகம் நடமாடினார்கள். அவர்களில் ஆண்களுடைய மூளையை இரண்டு வருஷம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, வயதாக ஆகச் சுருங்கிவரும் ஞாபகப் பகுதி சுருங்காமல் இருந்ததைக் கண்டார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விகள் மருந்தாக வேலை செய்தன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். விஞ்ஞானிகள் இன்னும் நிதானமாகத்தான் சொல்வார்கள்.

நம்மிடம் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஏலக்காயை உடைத்து முகர்ந்து பழசா என்று சொல்லும் மூக்கு ஒருவருக்கு இருக்கிறது. துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பருத்தி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று சொல்லும் விரல் ஒருவருக்கு இருக்கிறது. நாணய மாற்றுக் கடையில் இருந்தவர் நோட்டைத் தடவியே சந்தேகப்படுவார். இவை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத பாடம். புதிதாகக் கடை வைக்கும் இளைஞர்களுடன் மாதம் ஒரு தடவை இவர்களை உட்காரவைத்தால் இருவருக்கும் லாபம். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பாரம் நிரப்ப வேண்டும், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். மலாயும் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் கடையிலேயே கற்ற ஒரு பெரியவர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! முன்பு நாணய மாற்றுக் கடை வைத்திருந்த ஒருவர் அஸருக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்காருகிறார். இதே வேலைதான் செய்கிறார். கடையில் இருந்தபோது கூட அவரை இவ்வளவு பேர் தேடிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் அறுபத்தைந்தாம் வயதில் தேடத் தொடங்கினால் கஷ்டம். கால் கை நன்றாக இருக்கும்போதே, வாரத்தில் ஒரு மாலை கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போய்ப் பழக வேண்டும். மகனுக்கும் அது பயிற்சி. சிநேகமும் அப்படித்தான். வாடிக்கைக்காரர் ஆயிரம் பேர் இருந்தும் சிநேகிதர் என்று சொல்ல ஒருவர் இல்லாத முதலாளிகள் நம்மில் உண்டு. ஹார்வர்ட் சர்வகலாசாலையார் 1938இல் தொடங்கி 724 ஆண்களின் வாழ்க்கையை வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். ஐம்பது வயதில் தம் உறவுகளில் மிகவும் திருப்தியாக இருந்தவர்களே எண்பது வயதில் மிகவும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று கண்டார்கள். அறுபதில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் அந்த ஐம்பது என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் பக்கம் ஒரு வார்த்தை. "வாப்பா சொன்ன கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறார், வயதாகிவிட்டது" என்று அலுத்துக்கொள்கிறோம். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். முதியவர் பழைய நாட்களைத் திரும்பத் திரும்ப நினைப்பது புத்தி மங்கியதன் அடையாளம் அல்ல என்றார். தம் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்து நேர் செய்ய அது அவருக்குத் தேவையான காரியம் என்றார். ஐந்தொகை போடாமல் எந்த வியாபாரி வருஷத்தை முடிப்பான்? ஆகவே அவர் சொல்லும்போது கேளுங்கள். அதைவிட, நீங்களே கேள்வி கேளுங்கள். கப்பலில் தளத்தில் படுத்து வந்தீர்களா? முதல் சம்பளம் எத்தனை வெள்ளி? அதை என்ன செய்தீர்கள்? கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளலாம். சிங்கப்பூரில் 1979 முதல் அரசாங்கமே வாய்மொழி வரலாறு என்று சாதாரண மனிதர்களின் பேச்சையும் பதிந்து காப்பாற்றி வருகிறது. நம் வீட்டுச் சரித்திரத்தை நாம் பதியக் கூடாதா?

அவர் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி இருந்தால் உடனே மனவருத்தம் என்று முடிவு செய்யாமல், காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்குக் கேட்பதில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். சிரித்துத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். லான்செட் மருத்துவ இதழ் கூட்டிய நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நாம் திருத்தக்கூடிய காரணங்களில் காது கேளாமையையும் தனிமையையும் சேர்த்திருக்கிறது. கண்ணாடி போட நாம் வெட்கப்படுவதில்லை. காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கம்?

உண்மையாகவே மனம் சோர்ந்துவிடுவதும் உண்டு. வயதானவர்களிடம் அது அழுகையாக வராமல் உடம்பு வலியாக, பசியின்மையாக, இரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொள்வதாக வரலாம். ஐந்து வேளை ஜமாஅத்துக்கு நடந்து போகிறவருக்கு அந்த நடையே நாளைத் தாங்கும் தூண். அவரே வீட்டில் தொழுதுகொள்கிறேன் என்று சொல்லத் தொடங்கினால் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் ஈமான் குறைவு என்றோ, வயதுக் கோளாறு என்றோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அது குணப்படுத்தக்கூடிய நோய். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும், மலேசியாவில் அரசாங்கச் சுகாதார மருந்தகத்திலும் முதலில் காட்டலாம். மகன் கூடப் போகட்டும். ஆனால் டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு மகன் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல், வாப்பா சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.